பதினொரு உறைகள்

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

கையில் போன் இருக்கும்போது கடிதம் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. போனில் நீ "சொல்லுடி" என்றதும் சொல்ல வந்தது மறந்துவிடுகிறது. "ஒண்ணுமில்ல, சும்மாதான்" என்று வைத்துவிட்டு, அப்புறம் ஒரு மணி நேரம் என்னையே திட்டிக்கொள்கிறேன். தாளில் எழுதினால் நீ நடுவில் பேச முடியாது. அதுதான் காரணம்.

நான் இங்கே சுகமாக இருக்கிறேன். விடுதி அறையில் மூன்று பேர். ஜன்னல் பக்கத்துக் கட்டில் எனக்குத் தானாகவே கிடைத்தது. கேட்டு வாங்க வேண்டியிருந்தால் கிடைத்திருக்காது. அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்யும் உன் கழுத்து எப்படி இருக்கிறது?

விஷயத்துக்கு வருகிறேன். முதுகலைக்கு, வேலையிடத்தில் பரவும் தொற்று பற்றி ஓர் ஆய்வு செய்ய வேண்டும். கூடப் படிப்பவர்கள் எல்லோரும் பெரிய ஆஸ்பத்திரிகளை எடுத்துக்கொண்டார்கள். நான் பல் லேப் என்றேன். மேடம் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

"பல் டாக்டருங்களா?"

"இல்ல மேடம். பல் செய்யறவங்க."

"அங்க நோயாளியே வரமாட்டாங்களே. என்ன தொற்று இருக்கும்?"

"நோயாளி வரமாட்டாங்க மேடம். அவங்க வாயில இருந்ததெல்லாம் வரும்."

இந்த வகுப்பில் இதுவரை நான் பேசியதில் இதுதான் நீளம். மேடம் சரி என்றுவிட்டார்.

பதினொரு கேள்வித்தாள்கள் இணைத்திருக்கிறேன். உங்கள் லேபில் பதினொரு பேர்தானே? இருபது கேள்விகள். பெயர் எழுத வேண்டாம். கையுறை போடுகிறீர்களா, நோயாளி வாயில் எடுத்து வரும் பல் அச்சுகளைக் கிருமிநாசினியில் கழுவுகிறீர்களா, பி வகை மஞ்சள் காமாலைக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்பது போன்றவை. பரீட்சை இல்லை என்று எல்லோரிடமும் சொல். உள்ளபடி எழுதினால் போதும்.

தொந்தரவு கொடுக்கிறேன். முடியாவிட்டால் விட்டுவிடு.

அம்மாவுக்கு என் அன்பு.
எலி


ஜனவரி 25

எலிக்கு அக்கா எழுதுவது.

முடியாவிட்டால் விட்டுவிடு என்று எழுதுவதற்குத்தான் முதுகலை வரை படித்தாயா? அம்மா நலம். மாடிப்படி ஏறும்போது மட்டும் முட்டியோடு சண்டை போடுகிறாள். "எலி சாப்பிடுதா, கொறிக்குதா?" என்று கேட்கச் சொன்னாள். என் கழுத்து இருந்த இடத்திலேயே இருக்கிறது.

பதினொரு தாளும் அனுப்புகிறேன். பார்த்து ஏமாந்துவிடாதே. முதலாளி எல்லோரையும் நிற்க வைத்து, "பதில் நல்லா போடுங்கப்பா. லேப் பேரு கெட்டுடக்கூடாது" என்றார். அதனால் ஒன்பது பேர் எல்லாவற்றுக்கும் சரியான விடை போட்டுவிட்டார்கள். பாலிஷ் போடும் மாவு அண்ணன் மட்டும் 'ஆம்', 'இல்லை' இரண்டிலும் குறி போட்டிருக்கிறார். ஏன் அண்ணே என்றேன். "எது வேணுமோ அதை எடுத்துக்கட்டும்மா, படிக்கிற புள்ள" என்றார். மாவு மில்லில் விழுந்து எழுந்தவர் மாதிரி தலை முதல் கால் வரை தூளோடு நிற்பதால் அவருக்கு அந்தப் பெயர்.

கீழே மடித்து வைத்திருப்பது என் தாள். அது மட்டும் உண்மை.

அச்சு வந்ததும் குழாயில் காட்டிவிட்டு, தாடை வடிவம் கிடைக்கக் கல்மாவு ஊற்றிவிடுவோம். பல் ஆஸ்பத்திரியிலிருந்து வரும் பையிலேயே 'கிருமி நீக்கப்பட்டது' என்று பச்சை ஸ்டிக்கர் இருக்கிறது. மறுபடி எதற்கு? கையுறை ஒரு பெட்டி இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு பல் வடித்தால் மெழுகு விரலோடு பேசாது. முன்பல்லின் விளிம்பை நான் கண்ணால் பார்ப்பதில்லை, தடவித்தான் பார்க்கிறேன். அப்புறம் பாலிஷ் சட்டி. தூளைத் தண்ணீரில் குழைத்து வைத்திருப்போம், அதில் தோய்த்துத்தான் சக்கரத்தில் பிடிப்பார் மாவு அண்ணன். புதுப் பல்செட்டும் அதில்தான், பத்து வருஷம் ஒருத்தர் வாயில் இருந்துவிட்டு ரிப்பேருக்கு வந்ததும் அதில்தான். அந்தச் சட்டிக்கு என்ன வயது என்று யாருக்கும் தெரியாது. காய்ந்தால் தண்ணீர் விடுவோம், குறைந்தால் தூள் போடுவோம். கொட்டியதே இல்லை.

பதினேழாம் கேள்வி, 'வேலையில் காயம் பட்டதுண்டா' என்பதற்கு இடம் போதவில்லை. போன மாதம் ஒரு பழைய பல்செட்டின் கம்பி இடது ஆள்காட்டி விரலில் ஏறியது. வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு மிச்ச வேலையை முடித்தேன். இதை எழுத ஒரு கோடுதான் விட்டிருக்கிறாய். அடுத்த முறை பெரிய இடமாக விடு.

அக்கா


பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவிடம் சொல், ஒழுங்காகச் சாப்பிடுகிறேன். நேற்று இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன்.

உன் தாளை மேடத்திடம் காட்டினேன். முழுதும் படித்துவிட்டு, "நாற்பது தாள் வந்தாலும் இது ஒண்ணுக்கு ஈடாகாது" என்றார். என்னை இதுவரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. அந்தப் பார்வை உனக்கானது, வழியில் நான் வாங்கிக்கொண்டேன்.

ஆனால் அக்கா, பதினேழாம் கேள்வியைப் படித்த பிறகு எனக்கு வேறு எதிலும் மனம் போகவில்லை. அந்தக் கம்பி யார் வாயில் இருந்தது என்று உனக்குத் தெரியாது. பி வகைக் கிருமி காய்ந்த இடத்திலும் ஒரு வாரம் உயிரோடு இருக்கும். இரத்தத்தில் கலந்தால் பல வருஷம் சத்தமில்லாமல் கல்லீரலில் உட்கார்ந்திருக்கும். நீ தடுப்பூசி போட்டதில்லை. சுகாதார நிலையத்துக்குப் போய் ஒரு முறை இரத்தம் கொடு. பத்து நிமிட வேலை. கிருமி இல்லை என்றால் மூன்று ஊசி, இருந்தால் மருந்து. தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து.

போவாய்தானே?

இன்னொன்று. அந்தப் பச்சை ஸ்டிக்கரை யார், எப்போது ஒட்டுகிறார்கள்?

உன் எலி


பிப்ரவரி 21

எலிக்கு,

நாங்கள் நலம். அம்மா கண்ணாடி மாற்றினாள். இப்போது வீட்டுத் தூசியெல்லாம் தெரிகிறது, அது எனக்குத்தான் தலைவலி.

நீ ஸ்டிக்கர் பற்றிக் கேட்டாய். ஒரு பல்செட்டைக் கொடுத்து வர பல் ஆஸ்பத்திரிக்கு நானே போனேன். காலை நேரம், நோயாளி யாரும் வரவில்லை. உள்ளே உதவியாளர் பெண் உட்கார்ந்து அச்சுப் பைகளில் பச்சை ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டிருந்தாள். எல்லாம் காலிப் பைகள். ஐம்பது, அறுபது இருக்கும்.

நான் கேட்டேன், "இன்னும் அச்சே எடுக்கலையே, அதுக்குள்ள எப்படிம்மா கிருமி போச்சு?"

"சும்மா இருக்கிற நேரத்துல ஒட்டி வெச்சுட்டா அப்புறம் அவசரத்துல ஓட வேண்டாம்ல."

"சரி, கழுவறது எப்போ?"

அவள் கை நின்றது. "நீங்கதானே கழுவறீங்க? லேப்ல கழுவிடுவாங்கன்னு சொல்லித்தானே இந்த ஸ்டிக்கரே ஒட்டச் சொன்னாங்க."

"நீங்க கழுவிட்டுத்தான் ஒட்டறீங்கன்னு நாங்க நினைச்சோம்."

"எத்தனை நாளா?"

"மூணு வருஷமா."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அப்புறம் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும். சிரித்து முடித்ததும் அவள் எழுந்துபோய்க் கையைக் கழுவினாள். நானும் கழுவினேன். சோப்புப் போட்டு, முழங்கை வரை.

லேபுக்கு வந்து சொன்னேன். மாவு அண்ணன், "வாய்க்குள்ள கை விடறவங்களே நல்லாத்தான் இருக்காங்க. வெளியில வந்த பல்லைத் தொடற எனக்கு என்னம்மா வரப்போகுது" என்றார். சொன்னாரே தவிர, அன்று முழுக்கச் சட்டியைத் தள்ளி நின்றே பார்த்தார்.

கிருமிநாசினியில் அச்சை எவ்வளவு நேரம் வைக்க வேண்டும்? உடனே எழுது.

அக்கா


மார்ச் 1

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே வெயில் ஏறிவிட்டது, மற்றபடி சுகம். ஸ்டிக்கர் விஷயத்தை வகுப்பில் சொன்னேன். எழுந்து நின்று சொன்னேன், நம்பு. மூன்று வருஷமாக இரண்டு இடத்துக்கும் நடுவில் இருந்த ஓட்டையை நீ ஒரு காலையில் கண்டுபிடித்துவிட்டாய். எங்கள் புத்தகத்தில் அந்த ஓட்டை இல்லை.

குறைந்தது பத்து நிமிடம் வைக்க வேண்டும். கரைசல் அளவு தனித் தாளில் எழுதியிருக்கிறேன். பாலிஷ் தூளைத் தினமும் கொட்டிவிட்டுப் புதிதாகக் குழைக்க வேண்டும்.

அக்கா, போன கடிதத்தில் நான் இரண்டு விஷயம் கேட்டேன். நீ ஒன்றுக்குத்தான் பதில் எழுதினாய். இரத்தம் கொடுத்தாயா?

உன் எலி


மார்ச் 30

எலிக்கு,

நலம். பதில் தாமதமானதற்குக் காரணம், உன் பத்து நிமிடம்.

பத்து நிமிடமே நல்லது என்றால் பன்னிரண்டு மணி நேரம் இன்னும் நல்லதுதானே என்று நான் நினைத்துவிட்டேன். சாயங்காலம் ஏழு அச்சைக் கரைசலில் மூழ்க வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் எடுத்து, மாவு ஊற்றி, ஏழு பல்செட் செய்து அனுப்பினோம். ஒன்றுகூட ஒருத்தர் வாயிலும் உட்காரவில்லை. ஏழும் திரும்பி வந்தன. அச்சு, தண்ணீரைக் குடித்து ஊதிப்போயிருக்கிறது. இத்தனை வருஷம் மெழுகைத் தொடுகிறவளுக்கு இது தோன்றியிருக்க வேண்டும். பயத்தில் கை யோசிக்கவில்லை.

முதலாளி மேசையைத் தட்டி, "உன் தங்கச்சி படிப்பு என்னோட ஏழு வாயைக் கெடுத்துடுச்சு" என்றார். "தப்பு என்னுது சார், படிப்பு மேல போடாதீங்க" என்றேன். இனிமேல் கரைசலே கூடாது என்று சொல்லிவிட்டார்.

நான் விடவில்லை. பழகுவதற்கென்று லேபில் ஓர் இரும்புத் தாடை இருக்கிறது. சாப்பாட்டு நேரத்தில் அதிலிருந்து நான்கு அச்சு எடுத்தேன். ஒன்றைச் சும்மா தண்ணீரில் மட்டும் காட்டினேன். இன்னொன்றில் கரைசலைத் தெளித்து, பையில் மூடி, பத்து நிமிடம் கழித்து அலசினேன். மூன்றாவதை அரை மணி நேரம் ஊற வைத்தேன். நான்காவதை மறுநாள் வரை. நான்கிலும் மாவு ஊற்றினேன். இரும்புத் தாடைக்குக் கச்சிதமாக ஒரு தகடு செய்து, நான்கு மாவுத் தாடையிலும் வைத்துப் பார்த்தேன். முதல் இரண்டிலும் நறுக்கென்று உட்கார்ந்தது. மூன்றாவதில் ஆடியது. நான்காவதில் ஏறவே இல்லை.

முதலாளி நான்கையும் தன் கையால் போட்டுப் பார்த்தார். மறுபடி பார்த்தார். "அந்த ரெண்டாவது மாதிரியே பண்ணு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் மன்னிப்புக் கேட்பது அப்படித்தான்.

சட்டியையும் கொட்டினோம். மாவு அண்ணன் பக்கத்தில் நின்று, "எத்தனை பேர் வாயைப் பார்த்த சட்டி" என்று பெருமூச்சு விட்டார். அடியில் யாருடையதோ ஒரு கடைவாய்ப்பல் கிடந்தது.

நீ கேட்டதற்கு வருகிறேன். போகவில்லை. இருக்கிறது என்று வந்துவிட்டால் அந்த லேபில் யாரும் என் மேசைப் பக்கம் வரமாட்டார்கள். என் டம்ளரைத் தனியாக வைப்பார்கள். ஒருவேளை, வேண்டாம் என்றே அனுப்பிவிடுவார்கள். பதினாறு வயதிலிருந்து எனக்குத் தெரிந்தது இந்த மேசை மட்டும்தான். தெரியாமல் இருந்தால் வேலையாவது இருக்கும். இனிமேல் இதைக் கேட்காதே.

அக்கா


மே 14

அன்புள்ள அக்காவுக்கு,

ஆறு வாரமாகப் பதில் எழுதவில்லை. மன்னித்துக்கொள். லேப் லேபாக அலைந்ததில் நாள் போய்விட்டது. இதுவரை பத்தொன்பது லேப் முடித்திருக்கிறேன்.

நீ நான்கு அச்சு எடுத்தாயே, அதை மேடம் அப்படியே கரும்பலகையில் எழுதினார். ஒன்றைக் கரைசலே படாமல் ஏன் வைத்தாய் என்று வகுப்பில் யாரும் உன்னைக் கேட்க மாட்டார்கள். ஒப்பிட ஒன்று வேண்டும் என்பதை எங்களுக்கு ஒரு பருவம் முழுக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். உனக்கு யார் சொன்னார்கள்?

ஒரு லேபில் ஒரு பெரியவர், தான் செய்த பல்செட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். உன் வேலை நினைவுக்கு வந்தது. உன்னுடையது இன்னும் நேர்த்தி.

வேறு ஒன்றும் இல்லை. அம்மா உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல். நீயும்.

எலி


ஜூன் 4

எலிக்கு,

அம்மா நலம். உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஜனவரிக்குப் பிறகு இரத்தப் பரிசோதனை பற்றி நீ ஒரு வரிகூட எழுதாத முதல் கடிதம் இது. கேட்காதே என்று நான்தான் எழுதினேன். ஆனாலும் நீ கேட்காமல் விட்டதும் எனக்கு என்னவோ போலாகிவிட்டது. நீ என்னைக் கைவிட்டுவிட்டாய் என்று தோன்றியது. அதனால் போனேன்.

தனியாகப் போகவில்லை. தனியாகப் போனால்தானே ஊர் பேசும்? தேநீர் நேரத்தில் எல்லோரிடமும் சொன்னேன், "போனா பதினோரு பேரும் போவோம். இல்லன்னா யாரும் வேண்டாம்."

"எனக்கு ஊசின்னா மயக்கம் வரும்" என்றார் மாவு அண்ணன்.

"பிடிச்சுக்கறதுக்குப் பத்துப் பேர் இருக்கோம் அண்ணே."

போனோம். அங்கிருந்த டாக்டரம்மா நல்ல மாதிரி. ஒரு வாரம் கழித்து ஒட்டிய உறைகள் பதினொன்று வந்தன, ஆளுக்கு ஒன்று. பிரிக்கும் முன்னால் நான் சொன்னேன், "அவங்கவங்க உறை அவங்கவங்களோட இருக்கட்டும். நல்லதுன்னாலும் வெளியில சொல்லக்கூடாது." எல்லோரும் ஆளுக்கொரு மூலைக்குப் போய்ப் படித்தோம். படித்துவிட்டு வந்து வேலையைப் பார்த்தோம்.

முதலாளிக்கும் ஒரு தாள் வந்திருந்தது. பெயர் எதுவும் இல்லை. பதினொரு பேரில் ஒருவருக்குப் பி வகை இருக்கிறது, சிகிச்சை உண்டு, வேலை செய்யலாம், லேபில் பாதுகாப்பை ஒழுங்குபடுத்துங்கள் என்று இருந்தது. அவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நடுவில் வந்து நின்றார்.

"யாருன்னு சொல்லிடுங்க. நான் ஒண்ணும் பண்ணமாட்டேன். தெரிஞ்சாத்தானே ஏற்பாடு பண்ணலாம்."

யாரும் நிமிரவில்லை. மாவு அண்ணன் சக்கரத்தை நிறுத்தினார்.

நான் எழுந்தேன். "சார், வர்ற அச்சுல எதுல கிருமி இருக்குன்னு நமக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாததாலதானே எல்லாத்தையும் கழுவறோம்? யாருன்னு தெரிஞ்சா அந்த ஒருத்தரைத் தள்ளி வெச்சுட்டு மத்த பத்துப் பேரை மறந்துடுவீங்க. தெரியலைன்னா பதினோரு பேரையும் பத்திரமா வெச்சுப்பீங்க. தெரியாமலே இருக்கட்டும் சார்."

அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் பதினொரு பாதுகாப்புக் கண்ணாடி வந்தது, மெழுகு வேலைக்கு விரலோடு ஒட்டுகிற மெல்லிய கையுறை வந்தது, கூர்மையான கம்பிகளை வெட்டிப்போட மூடி வைத்த டப்பா வந்தது. அந்தக் கையுறையில் மெழுகு கொஞ்சம் பேசுகிறது.

அக்கா


ஜூன் 9

அக்கா,

கடிதம் கிடைத்தது. நலம் விசாரிக்கக்கூடத் தோன்றவில்லை. நீ எல்லாவற்றையும் எழுதியிருக்கிறாய், ஒன்றைத் தவிர.

அந்த ஒருவர் நீயா?

இல்லை என்று ஒரே வார்த்தை எழுது. போதும்.

எலி


ஜூன் 22

எலிக்கு,

முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் குடி. அப்புறம் படி.

இல்லை என்று எழுதுவது எனக்குச் சுலபம் என்று வைத்துக்கொள். எழுதிவிட்டால் மிச்சம் பத்துப் பேர். மாவு அண்ணனும் தன் சம்சாரத்திடம் இல்லை என்பார், ஒன்பது. இப்படி நல்ல சேதி உள்ளவர்கள் எல்லோரும் தங்கள் தங்கள் வீட்டில் இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே போனால், கடைசியில் வாயைத் திறக்க முடியாத ஒருவர் நடுவில் தனியாக நிற்பார். யாரும் விரலை நீட்ட வேண்டியதே இல்லை. அதனால் நான் ஆம் என்றும் எழுதமாட்டேன், இல்லை என்றும் எழுதமாட்டேன். பதினொரு பேரும் அப்படித்தான் பேசி முடித்திருக்கிறோம். அம்மாவுக்கும் சொல்லவில்லை. கோபித்துக்கொள்ளாதே. ஒன்று மட்டும் சொல்கிறேன். என் உறையில் இருந்தது எதுவானாலும் அதற்கு வழி இருக்கிறது, அந்த வழியில் நான் போய்க்கொண்டிருக்கிறேன். நன்றாகச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை சுகாதார நிலையத்துக்கு மறுபடி போனோம். பதினொரு பேரும் ஒரே வரிசை. ஒவ்வொருவராக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வோம். யாருக்கு ஊசி, யாருக்கு மாத்திரை என்று கதவுக்கு மட்டும்தான் தெரியும். வெளியே வரும்போது எல்லோரும் கையைத் தேய்த்துக்கொண்டே வர வேண்டும் என்பது ஏற்பாடு. மாவு அண்ணன் தேய்த்தது போதாது என்று நொண்டிக்கொண்டு வேறு வந்தார். "ஊசி கையிலதானே அண்ணே போட்டாங்க, கால் ஏன் நொண்டுது?" என்றேன். "வேகம் கீழ வரைக்கும் போயிடுச்சும்மா" என்றார். வரிசையில் நின்ற மற்ற ஜனங்கள் பயந்துபோனார்கள்.

இப்போது நான் கேட்கிறேன். பத்தொன்பது லேபுக்குப் போனாய். கம்பிக்கும் தூளுக்கும் நடுவில் நின்றாய். நீ ஊசி போட்டுக்கொண்டாயா?

அக்கா


ஆகஸ்ட் 17

அன்புள்ள அக்காவுக்கு,

எட்டு வாரமாக உன் கடைசிக் கேள்வியைப் பையில் வைத்துக்கொண்டு சுற்றுகிறேன். நடுவில் நீ நான்கு முறை போன் செய்தாய். நான்கு முறையும் "வேலை இருக்குக்கா" என்றேன். உன் குரலில் சந்தேகம் கேட்டது. அம்மா சுகமாக இருப்பாள் என்று நம்புகிறேன்.

ஆய்வு முடிந்தது. முப்பத்திரண்டு லேப், முந்நூற்று நான்கு பேர். சபையில் நின்று பேசினேன். உன் நான்கு அச்சைச் சொன்னேன். 'யார் என்று தெரியாததால்தான் எல்லோரையும் பத்திரமாக வைத்துக்கொள்கிறோம்' என்று நீ முதலாளியிடம் சொன்னதைச் சொன்னேன். அதையே எங்கள் புத்தகம் ஒரு பக்கம் எடுத்துக்கொண்டு, யாருக்கும் புரியாதபடி சொல்கிறது. பின்வரிசையில் இருந்த ஒரு வயதான பேராசிரியர் எழுந்து, "இந்தக் கடைசி வாக்கியம் யாரோடது?" என்று கேட்டார். "எங்க அக்காவோடதுங்க. மெழுகு வேலை செய்யறாங்க" என்றேன். அவர் அதை எழுதிக்கொண்டார்.

எல்லோரும் கை தட்டும்போது நான் என் வலது கட்டைவிரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே மாதம் ஒரு பெரியவரைப் பற்றி எழுதினேன் அல்லவா? தான் செய்த பல்செட்டுகளைக் காட்டினார் என்று. அதில் பாதிதான் எழுதினேன். அது ஏப்ரல் எட்டாம் தேதி. அவர் காட்டியதில் ரிப்பேருக்கு வந்த பழையது ஒன்றும் இருந்தது. "கம்பி எப்படி வளைச்சிருக்கேன் பாரும்மா" என்று பெருமையோடு என் கையில் வைத்தார். கையுறை இல்லை. வேண்டாம் என்று சொன்னால் அவர் வேலையை அருவருக்கிறேன் என்று நினைத்துவிடுவாரோ என்று வாங்கிக்கொண்டேன். கம்பி ஏறியது. கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, ரொம்ப நல்லா இருக்கு ஐயா என்றேன். அவர் மனம் கோணக்கூடாது என்று பார்த்தேன். என்னை நான் பார்க்கவில்லை.

என் ஆய்வறிக்கையில் அதற்கு விடை இருக்கிறது. நானே எழுதிய விடை. உடனே கழுவ வேண்டும், அன்றே போய்ச் சொல்ல வேண்டும், ஒரு நாளுக்குள் ஊசி. நான் கழுவியது மட்டும்தான். முந்நூற்று நான்கு பேரிடம் ஊசி போட்டீர்களா என்று கேட்ட நான் போட்டதில்லை. முதல் லேபுக்குப் போகும் முன்பே போட்டிருக்க வேண்டும். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று இருந்துவிட்டேன். பிறகு காயம் பட்டதும், மேடத்திடம் போய் இதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. வெட்கம் ஒரு நாளில் தொடங்கி நாலு மாதம் ஆகிவிட்டது.

மே மாதக் கடிதத்தில் நான் பரிசோதனை பற்றி எழுதாதது நீ கேட்காதே என்றதற்காக இல்லை. உன்னைக் கைவிட்டதும் இல்லை அக்கா. அந்த வரியை எழுதப் பேனாவைப் பிடித்தபோது அதே கட்டைவிரல்தான் பேனாவில் இருந்தது. என்னால் முடியவில்லை. அந்த மௌனத்தை நம்பி நீ பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு போனாய். நான் சொல்லி நீ போனாய் என்று இங்கே எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் நான் சொல்லாமல் விட்டதால் போனாய்.

'யார் அது' என்று உன்னிடம் கேட்டேன். இனிமேல் கேட்கமாட்டேன். மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன். பதினொரு பேரில் ஒருவராக இருக்க நீ சம்மதித்திருக்கிறாய். அது என்ன என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது. என் அக்கா அந்த ஒருவராக இருந்தாலும், மற்ற பத்தில் ஒருவராக இருந்தாலும், அந்த வரிசையில் எனக்கு முன்னால் நிற்கிறாள். எனக்கு அது போதும்.

மூன்று முறை இங்குள்ள சுகாதார நிலையத்தின் வாசல் வரை போய்விட்டுத் திரும்பினேன். போன வாரம் உள்ளே போய்ச் சீட்டுக்கூட வாங்கினேன். என் எண்ணைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்திருக்கவில்லை. அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்கள்.

உன் மேசையில் வேலை குவிந்திருக்கும், தெரியும். ஒரு நாள் லீவு கேட்டால் முதலாளி முணுமுணுப்பார், அதுவும் தெரியும். சின்ன வயதிலிருந்தே உன்னிடம் நான் எதையும் வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்கும் முன்பே நீ செய்துவிடுவாய், அதனால் கேட்கப் பழகவே இல்லை. அறைக்குள் நான் தனியாகப் போய்க்கொள்கிறேன். உறை வந்தால் தனியாகவே பிரித்துக்கொள்கிறேன். செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குக் கதவு திறக்கிறார்கள். என் எண்ணைக் கூப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "எழுந்திருடி" என்று சொல்ல வருவாயா, அக்கா?